வாழ்த்து அட்டைகளும் அவற்றைக் காத்தவர்களும்

திருவிழா என்பது இறைவனை வழிபடும் நாள் மட்டுமன்று. உற்றாரையும் நட்டாரையும் நினைந்து வாழ்த்தும் நாளுமாகும். அருகில் இருப்பவரை நேரில் கண்டு வாழ்த்தலாம். தொலைவில் இருப்பவரை வாழ்த்துவது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் உலகம் கண்டிருந்த விடைதான் வாழ்த்து அட்டை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளிக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே அஞ்சற்காரரின் வருகையை வீட்டார் எதிர்நோக்கியிருந்த காலம் ஒன்று உண்டு. வந்த அட்டைகளைக் கூடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விருந்தினர் கண்டு மகிழும்படி செய்தனர். திருமகளும் கலைமகளும் குத்துவிளக்கும் மயிலும் அந்த நூலில் வரிசையாக ஆடின. சீன அண்டை வீட்டாரும் மலாய் நண்பர்களும் அனுப்பிய அட்டைகளும் அவற்றுடன் சேர்ந்தே தொங்கின.

விழா முடிந்தபின் அந்த அட்டைகள் என்ன ஆயின? பெரும்பாலானவை குப்பையோடு சென்றன. சில, பிள்ளைகளின் கைவேலைக்குப் பயன்பட்டன. மிகச் சில மட்டும் பிஸ்கட் டின்னிலோ அலமாரியின் அடித்தட்டிலோ தங்கின. அவ்வாறு தங்கியவை வெறும் பழந்தாள்களா, அல்லது அவற்றுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? இதற்கு விடை காண, வாழ்த்து அட்டை பிறந்த நாட்டின் வரலாற்றையும், அங்கே அவற்றைச் சேகரித்துக் காத்தவர்களின் பணியையும் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

பென்னி அஞ்சலும் முதல் அட்டையும்

பிரிட்டனில் 1840ஆம் ஆண்டுக்கு முன் ஒரு கடிதம் அனுப்புவது செலவு மிகுந்த செயலாக இருந்தது. கடிதம் செல்லும் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டுக் கட்டணம் விதித்தனர். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் செல்ல ஒரு சில்லிங்கிற்கும் அதிகமாயிற்று. அக்காலத்துப் பண்ணைக் கூலியாளின் வாரக் கூலியோ எட்டு முதல் பத்து சில்லிங் அளவே. அந்தக் கட்டணத்தையும் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே செலுத்த வேண்டியிருந்தது. பணமின்மையால் கடிதத்தைத் திருப்பி அனுப்பியவர் பலர்.

இந்நிலையை மாற்றியவர் ரோலண்ட் ஹில் என்பவர். அவர் முன்வைத்த சீர்திருத்தத்தின்படி 1840 ஜனவரி 10ஆம் நாள் முதல், அரை அவுன்சு எடைக்குட்பட்ட கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னிக்குச் சென்றது. அனுப்புபவரே கட்டணம் செலுத்தும் முறையும் நிலைபெற்றது. அதே ஆண்டு மே மாதத்தில் உலகின் முதல் அஞ்சல் தலையான பென்னி பிளாக் பயன்பாட்டுக்கு வந்தது. 1839இல் 7 கோடியே 60 லட்சம் அளவில் இருந்த கடிதங்களின் எண்ணிக்கை 1840இல் ஏறத்தாழ 16 கோடியே 90 லட்சமாக உயர்ந்தது என்பதிலிருந்து, மக்கள் மனத்தில் எவ்வளவு சொற்கள் அடைபட்டுக் கிடந்தன என்பதை உணரலாம்.

இந்தச் சீர்திருத்தத்திற்குத் துணைநின்ற அரசு ஊழியர்களுள் ஒருவர் ஹென்றி கோல். 1808இல் பிறந்த அவர் இளமையிலேயே அரசு ஆவணப் பணியில் சேர்ந்தவர். ஈரத்திலும் எலிகளிடையேயும் கிடந்து அழிந்துகொண்டிருந்த அரசின் பழைய ஆவணங்களை முறையாகக் காக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். 1838ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பொது ஆவணக் காப்பகத்தில் துணைக் காப்பாளராகப் பணியாற்றினார். வாழ்த்து அட்டையைத் தோற்றுவித்தவர் தொழிலால் ஓர் ஆவணக் காப்பாளர் என்பது எண்ணி மகிழத்தக்க பொருத்தமாகும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுதுவது அன்றைய வழக்கம். அஞ்சல் மலிவாகிவிட்டதால் வரும் கடிதங்களும் பெருகின. அவற்றுக்கு மறுமொழி எழுதாதிருப்பது பண்பன்று எனக் கருதப்பட்டது. பல பொறுப்புகளைச் சுமந்திருந்த கோலுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஆகவே 1843இல் தம் நண்பரும் ஓவியருமான ஜான் கால்காட் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரைந்து தருமாறு கேட்டார். அப்படத்தைக் கல்லச்சில் பதித்து, கையால் வண்ணம் தீட்டி, ஏறத்தாழ ஆயிரம் அட்டைகள் உருவாக்கப்பட்டன. தமக்கு வேண்டியது போக எஞ்சியவை ஒன்று ஒரு சில்லிங் என விற்பனைக்கு வைக்கப்பட்டன. சார்லஸ் டிக்கன்சின் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் கதை நூல் வெளிவந்ததும் அதே 1843 டிசம்பரில்தான்.

அந்த அட்டையின் நடுவில் மூன்று தலைமுறையினர் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்து, படத்தைக் காண்பவரை நோக்கிக் கிண்ணம் உயர்த்துகின்றனர். இருபுறமும் இரண்டு சிறு காட்சிகள்: ஒன்றில் பசித்தவர்க்கு உணவளிக்கின்றனர், மற்றொன்றில் ஆடையற்றவர்க்கு ஆடை வழங்குகின்றனர். விழா நாளில் வீட்டு மகிழ்ச்சியும் வறியோர்க்கு ஈதலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கருத்து அன்னதானத்தின் அருமை அறிந்த நமக்குப் புதிதன்று. எனினும், ஒரு சிறு பிள்ளையின் வாயில் மதுக் கிண்ணத்தை வைப்பதுபோல் படம் அமைந்திருந்ததால் மதுவிலக்கு இயக்கத்தார் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். ஒரு சில்லிங் என்ற விலையும் எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. முதல் அட்டை வணிக முறையில் பெரு வெற்றி பெற்றதாகக் கூற இயலாது.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று கைத்தொலைபேசியில் ஒரே வாழ்த்தை நூறு பேருக்கு அனுப்புவதைக் கண்டு பெரியோர் சிலர் மனம் வருந்துகின்றனர். ஆனால் வாழ்த்து அட்டையும் நேரமின்மையால் பிறந்ததே. கைப்பட எழுதிய நீண்ட கடிதத்தின் இடத்தில் அச்சிட்ட ஒற்றை வரியை வைத்ததே அதன் தொடக்கம். எனவே அட்டையின் பெருமை அது உழைப்பால் உயர்ந்தது என்பதில் இல்லை. பெற்றவர் விரும்பினால் அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது.

கல்லச்சுக் கலையின் வளர்ச்சி

1860களுக்குப் பின் வண்ணக் கல்லச்சு முறை செழித்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல் என வகுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மிகத் துல்லியமாகப் பதிக்கும் முறை அது. சிறந்த அட்டைகளுக்குப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்பட்டன. பெல்பாஸ்டின் மார்க்கஸ் வார்டு, லண்டனின் டி லா ரூ ஆகிய நிறுவனங்கள் இத்துறையில் புகழ்பெற்றன. 1870 அக்டோபரில் பிரிட்டனில் அரை பென்னி அஞ்சலட்டை அறிமுகமானது. அதன்பின் அட்டை அனுப்பும் வழக்கம் எளிய மக்களின் இல்லங்களுக்கும் பரவியது.

ரஃபேல் டக் என்பவர் பிரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்து லண்டனில் 1866இல் படக் கடை தொடங்கியவர். யூத சமயத்தைச் சேர்ந்த அவரது குடும்ப நிறுவனம் 1871 முதல் கிறிஸ்துமஸ் அட்டைகளை வெளியிட்டது. 1880இல் சிறந்த அட்டை ஓவியங்களுக்கென ஒரு பெரும் போட்டியையும் நடத்தியது. பிற சமயத்தார் விழாவுக்கு அழகிய வாழ்த்துகளை அச்சிட்ட அந்நிறுவனம், தம் சமயத்தாரின் புத்தாண்டுக்கும் அட்டைகள் வெளியிட்டது.

அமெரிக்காவில் இப்பணியைத் தொடங்கி வளர்த்தவர் லூயி பிராங். இவரும் குடிபெயர்ந்தவரே. 1824இல் பிரெஸ்லாவ் நகரில் பிறந்து, 1848ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாடு விட்டுச் சென்று பாஸ்டன் நகரில் குடியேறினார். 1873இல் இங்கிலாந்துச் சந்தைக்கும் 1874இல் அமெரிக்கச் சந்தைக்கும் கிறிஸ்துமஸ் அட்டைகளை வெளியிட்டார். 1880களின் தொடக்கத்தில் அவரது அச்சகம் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் அட்டைகளை அச்சிடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. பட்டு நூல் குஞ்சம் கட்டியவை, பொன் விளிம்பு இட்டவை, விரித்தால் எழுந்து நிற்பவை எனப் பலவகை அட்டைகள் அக்காலத்தில் தோன்றின.

அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் சிவந்த மார்புடைய ராபின் குருவிக்கும் அஞ்சலோடு தொடர்பு உண்டு. அக்காலத்து அஞ்சற்காரர்கள் சிவப்புச் சட்டை அணிந்திருந்தமையால் மக்கள் அவர்களை ராபின் என்றே செல்லமாக அழைத்தனர். வாயில் கடிதம் கவ்விய குருவியைப் படத்தில் வரைந்ததற்கு இதனையே காரணமாகக் கூறுவர்.

சேகரித்துக் காத்தவர்கள்

விற்பனை பெருகியபோதே சேகரிப்பும் தொடங்கிவிட்டது. விக்டோரியா அரசியின் காலத்து இல்லங்களில் பெண்களும் சிறுமியரும் தங்களுக்கு வந்த அட்டைகளைப் பெரிய ஏடுகளில் பசையிட்டு ஒட்டி வைத்தனர். மழைக்கால மாலைகளில் அந்த ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது குடும்பப் பொழுதுபோக்காக இருந்தது. இன்று நூலகங்களில் காணக்கிடைக்கும் பழைய அட்டைகளுள் பெரும்பகுதி இப்பெண்களின் கைவண்ணத்தால் பிழைத்தவையே. ஆயினும் பசையிட்டு ஒட்டியதால் அட்டையின் பின்புறம் மறைந்துபோயிற்று. அனுப்பியவர் யார், எந்த ஆண்டில் அனுப்பினார் என்பவற்றை இன்று அறிய வழியின்றிப் போன அட்டைகள் ஏராளம். படத்தைக் காத்தவர்கள் எழுத்தை இழந்தனர்.

லண்டனில் எழுதுபொருள் வணிகம் செய்த ஜொனதன் கிங் என்பவர், சேகரிப்பை வாழ்நாள் பணியாகவே கொண்டார். 1894இல் வாழ்த்து அட்டைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதிய கிளீசன் வைட், கிங்கிடம் 1,63,000 வகையான அட்டைகள் எழுநூறு தொகுதிகளாக இருந்தன என்றும், அவற்றின் மொத்த எடை ஆறு டன்னுக்கு மேற்பட்டது என்றும் குறித்துள்ளார். விற்று முடிந்தால் மறந்துவிடும் சரக்கை ஒரு வணிகர் இவ்வாறு வகைப்படுத்தி வைத்ததனால்தான் அக்காலத்து ஓவியர், அச்சகம், ஆண்டு ஆகியவற்றை ஆய்வாளர்கள் கண்டறிய முடிந்தது.

அரண்மனையிலும் இப்பழக்கம் இருந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் துணைவியாரான மேரி அரசியார் தமக்கு வந்த வாழ்த்து அட்டைகளை ஏடுகளில் முறையாகத் தொகுத்து வைத்தார். அத்தொகுப்பு இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஹங்கேரியில் பிறந்த ஓவியரான ஜார்ஜ் புடே, 1954இல் கிறிஸ்துமஸ் அட்டையின் வரலாற்றை ஒரு முழு நூலாக எழுதினார். மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் லாரா செடன் என்ற அம்மையாரின் பெயர் தாங்கிய தொகுப்பில் விக்டோரியா, எட்வர்டு காலங்களைச் சேர்ந்த 32,000 அட்டைகள் காக்கப்படுகின்றன. அரசியாராயினும் வணிகராயினும் இவர்கள் செய்தது ஒன்றே: பிறர் எறிந்ததை எடுத்து வைத்தனர்.

முதல் அட்டையின் கதையும் இதனையே உணர்த்துகிறது. அச்சிட்ட ஏறத்தாழ ஆயிரத்தில் இன்று எஞ்சியிருப்பதாக அறியப்படுபவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று ஹென்றி கோல் தம் பாட்டிக்கு அனுப்பியது. அந்த அட்டை 2001 நவம்பரில் இங்கிலாந்தின் டிவைசஸ் நகரில் ஏலத்திற்கு வந்தபோது 22,500 பவுனுக்கு விலைபோயிற்று. ஒரு சில்லிங் பெறுமான அட்டை இவ்வளவு மதிப்படைந்ததற்குப் படத்தின் அழகு மட்டும் காரணமன்று. பேரனின் வாழ்த்தைப் பாட்டி எறியாமல் வைத்திருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் வைத்திருந்தனர். அந்தத் தொடர்ச்சிக்கே அந்த விலை.

தீயும் போரும்

காப்பவர் இல்லையேல் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உள. 1940 டிசம்பர் 29ஆம் நாள் இரவு ஜெர்மானிய விமானங்கள் லண்டன் மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. அத்தாக்குதலில் ரஃபேல் டக் நிறுவனத்தின் தலைமையகமான ரஃபேல் ஹவுஸ் எரிந்து போயிற்று. 1866 முதல் எழுபத்து நான்கு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த ஓவியங்களும் கணக்குகளும் ஒரே இரவில் சாம்பலாயின. இன்று அந்நிறுவனத்தின் வரலாற்றை எழுத முனைவோர் நிறுவனத்தின் ஏடுகளை நாட இயலாது. அட்டைகளைப் பெற்ற சாதாரண மக்களின் பெட்டிகளிலும் சேகரிப்பாளர்களின் தொகுப்புகளிலும் இருப்பவையே அவர்களுக்குச் சான்று. அச்சிட்டவரிடம் இல்லாதது பெற்றவரிடம் இருக்கிறது.

இதனை ஒத்த இழப்பு ஒன்று நம் சமயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. கிறிஸ்துமஸ் அட்டைகளை அச்சிட்ட அதே வண்ணக் கல்லச்சுக் கலைதான் இந்து இல்லங்களின் பூசையறைகளுக்குத் தெய்வப் படங்களையும் தந்தது. ஓவியர் ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவினார். அதற்கான இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன; கலை அறிந்த தொழில்வல்லுநர்களும் அந்நாட்டிலிருந்தே வந்தனர். திருமகள், கலைமகள் படங்கள் எளியோர் வீட்டுச் சுவரையும் அடைந்தது இவ்வச்சகத்தின் வழியே. பின்னர் அது ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியத் தொழில்வல்லுநரின் கைக்கு மாறி, மலாவ்லி என்னும் ஊரில் இயங்கியது. 1972இல் அங்கு ஏற்பட்ட தீ விபத்தில் பெரும்பாலானவை அழிந்தன. இன்று அப்படங்களை ஆராய்வோர் தேடிச் செல்வது தனியார் வீடுகளில் தொங்கிய பழைய படங்களைத்தான்.

தமிழர் வாழ்த்து அட்டைகள்

தமிழ்நாட்டில் சிவகாசி நகரம் இத்துறையில் சிறந்து விளங்குகிறது. 1920களில் அங்கே தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும் அதன்பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலுக்கும் வண்ண மேலொட்டுத் தாள்கள் தேவைப்பட்டன. அத்தேவையிலிருந்து அச்சுத் தொழில் பிறந்து, நாட்காட்டி, வாழ்த்து அட்டை ஆகியவற்றுக்கும் விரிந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு அவர்களும் அவர்தம் மாணவர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் நாட்காட்டிகள் வழியே கடல் கடந்தும் சென்றனர். பொங்கல் வாழ்த்து அட்டைகளில் கரும்பும் பானையும் உழவர் குடும்பமும் மட்டுமன்றி, அரசியல் தலைவர்களும் திரைப்பட நடிகர்களும் இடம்பெற்றனர். ஒரு காலத்தில் மக்கள் யாரை விரும்பினர் என்பதை அறிய அந்த அட்டைகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் விழாக்கள் பொது வாழ்வில் இடம்பெற்ற வரலாறும் ஈண்டு நோக்கத்தக்கது. சிங்கப்பூரில் தீபாவளி 1929இல் பொது விடுமுறை நாளாக அறிவிக்கப்பட்டது. 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அவர்கள் 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கி, பொங்கலை ஒட்டித் தமிழரை ஒன்றுதிரட்டினார். இத்தகைய பெரு நிகழ்ச்சிகள் செய்தித்தாளில் பதிவாகியுள்ளன. ஆனால் அந்நாளில் ஒரு தோட்டத் தொழிலாளி மற்றொரு தோட்டத்தில் வாழ்ந்த தம் தங்கைக்கு என்ன எழுதினார் என்பது எந்தச் செய்தித்தாளிலும் இல்லை. அது ஒரு வாழ்த்து அட்டையின் உட்பக்கத்தில் மட்டுமே இருக்கும்.

அட்டையைவிட அதன் உறை சில வேளைகளில் மதிப்பு மிக்கது. உறையின்மேல் பெறுநர் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள ஊர் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். அஞ்சல் முத்திரையில் நாளும் ஊரும் பதிந்திருக்கும். மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்கள் வாழ்விடம் இழப்பதைத் தடுக்க துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியதை மூத்தோர் அறிவர். அதன் பின்னரும் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் இடம் தந்து மறைந்தன. லயங்களும் தமிழ்ப்பள்ளியும் சிறு கோயிலும் இருந்த இடம் அடையாளம் தெரியாமல் போன நிலையில், ஒரு குடும்பம் அந்தத் தோட்டத்தில் இந்த ஆண்டில் வாழ்ந்தது என்பதற்கு ஒரு தீபாவளி அட்டையின் உறை சான்றாக நிற்கக்கூடும். அதை எறிந்துவிட்டால் அந்தச் சான்றை மீண்டும் உண்டாக்க எவராலும் இயலாது.

அனுப்பும் வழக்கமே அருகிவரும் காலம் இது. டென்மார்க் நாட்டில் 1624இல் தொடங்கிய அஞ்சல் சேவையின் வழிவந்த நிறுவனம், 2025ஆம் ஆண்டின் இறுதியில் கடிதப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. கைத்தொலைபேசியில் வரும் வாழ்த்து நொடியில் சேர்கிறது, கட்டணமும் இல்லை. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் தொலைபேசி பழுதானாலோ மாற்றப்பட்டாலோ அவ்வாழ்த்தும் மறைகிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேத்தி பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்க்க அதில் ஒன்றும் இராது. எனவே முன்பு வந்து சேர்ந்தவற்றைக் காப்பது முன்னிலும் முக்கியமாகிறது.

காக்கும் முறைகள்

வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாடுகளில் தாளைக் காப்பது எளிதன்று. ஆயினும் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள.

முதலாவதாக, அட்டையையும் உறையையும் பிரிக்கலாகாது. உறையில்தான் நாளும் முகவரியும் உள்ளன.

இரண்டாவதாக, பசை, ஒட்டு நாடா, பிளாஸ்டிக் மேலுறை ஒட்டும் இயந்திரம் ஆகிய மூன்றையும் அறவே தவிர்க்க வேண்டும். ஒட்டு நாடா சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். பக்கத்திலேயே பிசின் பூசிய ஒளிப்பட ஏடுகளும் அத்தகையவையே. விக்டோரியா காலத்து ஏடுகள் பின்புறத்தை இழந்த கதை நமக்குப் பாடமாக வேண்டும்.

மூன்றாவதாக, ரப்பர் வளையம், குண்டூசி, இரும்புக் கவ்வி ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும். இரும்பு துருப்பிடித்துக் கறை படியும்.

நான்காவதாக, அமிலம் நீக்கிய தாளுறைகளில் இட்டு, தரையிலிருந்து உயரமாகவும் வெளிச்சுவரை ஒட்டாமலும் உள்ள அலமாரியில் வைக்க வேண்டும். நேர் வெயில் வண்ணத்தை வெளிறச் செய்யும். ஆண்டுக்கு இருமுறையேனும் எடுத்துப் பார்த்து, பூஞ்சை, வெள்ளிப்பூச்சி, கரையான் ஆகியவை அண்டாமல் கவனிக்க வேண்டும்.

ஐந்தாவது முறை, எல்லாவற்றினும் முக்கியமானது. அனுப்பியவர் யார், அவர் என்ன உறவு, எந்தத் தோட்டம் அல்லது எந்தத் தெரு என்பவற்றை வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு, ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி அட்டையுடன் வைக்க வேண்டும். பெயர் தெரியாத அட்டை அழகிய படம் மட்டுமே. பெயர் தெரிந்த அட்டை ஒரு குடும்பத்தின் வரலாறு. அட்டை இன்னும் நூறு ஆண்டு இருக்கலாம். பெயர் சொல்லக்கூடிய பாட்டி அதுவரை இருக்கமாட்டார்.

படியெடுத்துக் கணினியில் வைப்பதும் நன்று. ஆனால் படி எடுத்துவிட்டோம் என்று மூலத்தை எறிந்துவிடலாகாது. வீட்டில் வைத்துக் காக்க வசதியற்றோர் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம், சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம், 2015இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் போன்றவற்றை அணுகிக் கேட்கலாம்.

கோயில்களின் கடமை

இக்கருத்து இல்லங்களோடு நிற்பதன்று. ஒவ்வொரு கோயிலுக்கும் ஆண்டுதோறும் பிற கோயில்களிலிருந்தும் சங்கங்களிலிருந்தும் விழா அழைப்பிதழ்களும் வாழ்த்து மடல்களும் வருகின்றன. கோயிலும் குடமுழுக்கு அழைப்பிதழ், உபய அட்டவணை, திருவிழாத் துண்டறிக்கை, விழா மலர் ஆகியவற்றை வெளியிடுகிறது. விழா முடிந்து அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் நாளில் இவை யாவும் பழைய தாள்களோடு சேர்ந்து போய்விடுகின்றன. பின்னர் நூற்றாண்டு விழாவுக்கு வரலாறு எழுத முற்படும்போது, முதல் குடமுழுக்கு எந்த ஆண்டு, அன்று தேர் எந்தத் தெரு வழியே சென்றது, முதல் நாள் உபயம் யாருடையது என்பனவற்றுக்கு ஆளுக்கொரு விடை கிடைக்கிறது. ஓர் அழைப்பிதழ் எஞ்சியிருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு நிர்வாகக் குழுவும் தான் வெளியிடும் ஒவ்வோர் அச்சுத்தாளிலும் இரண்டு படிகளை எடுத்து, ஆண்டைக் குறித்து, ஒரு பெட்டியில் வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுதல் நலம். இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. பொறுப்பேற்க ஒருவர் போதும். அடுத்த குழு பதவியேற்கும்போது கணக்கேடுகளோடும் சாவிகளோடும் அந்தப் பெட்டியையும் ஒப்படைத்தால் பணி தொடரும்.

லண்டன் வணிகர் ஒருவரும் பெயர் தெரியாத எத்தனையோ இல்லத்தரசியரும் செய்து காட்டிய பணி இது. அவர்கள் காத்தது தங்கள் நாட்டு எளிய மக்களின் அன்பை. நம் முன்னோர் கப்பலேறி வந்து, காடு திருத்தி, தோட்டங்களில் உழைத்து, தாம் வாழ்ந்த இடங்களிலெல்லாம் கோயில் எழுப்பினர். அவர்களுள் பெரும்பாலோர் நூல் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை, விழாவை முன்னிட்டு, ஓர் அட்டை வாங்கித் தங்கள் கையால் பெயர் எழுதி அனுப்பினர். சிலருக்கு அதுவே அவர்தம் கையெழுத்தில் எஞ்சியிருக்கும் ஒரே எழுத்தாகவும் இருக்கலாம்.

இத்திருவிழாக் காலத்தில் வீட்டைத் துப்புரவு செய்யும்போது பழைய பெட்டி ஏதேனும் கைக்கு வந்தால், அதை எறியுமுன் ஒருமுறை திறந்து பார்ப்போமாக. பெரியோரை அருகில் அமர்த்தி, அதிலுள்ள பெயர்களைக் கேட்டு எழுதி வைப்போமாக. முன்னோரை மறவாதிருப்பதும் வழிபாட்டின் ஒரு கூறேயாகும். எல்லாம் வல்ல இறைவனின் திருவருள் அதற்குத் துணை நிற்பதாக.